ஏரிக்கரை ராட்டினத்தைப் பெண் கேட்டுப் போனோம்

பொம்மிடி ஸ்டேஷனில் ரயில் நிற்பது ஒரு கொட்டாவி விடும் நேரம்தான். கொழுந்தன் செல்வம் ஸ்பானர் பெட்டியைக் கைக்குழந்தை போல அணைத்துக்கொண்டு குதித்தான். நான் துணிப்பையோடு குதித்தேன். என் இடது கால் செருப்பு மட்டும் ஜோலார்பேட்டை பார்க்க ஆசைப்பட்டு ரயிலிலேயே தங்கிவிட்டது. தர்மபுரி மாவட்டத்தில் நான் முதன்முதலாக எடுத்துவைத்த கால் வெறுங்கால். சகுனம் பார்க்கிறவளாக இருந்தால் அப்படியே எதிர் பிளாட்பாரத்துக்குப் போய் ஊர் திரும்பியிருப்பேன்.

எங்கள் ஊர் உடன்குடிப் பக்கம். பிழைப்பு ராட்டினம். மாமனார் காலத்திலிருந்து கோயில் கொடைகளுக்கும் திருவிழாக்களுக்கும் ராட்டினம் போடுகிற குடும்பம். போன கார்த்திகையில் எங்கள் பெரிய ராட்டினத்தின் அச்சில் மயிரிழை அளவுக்கு ஒரு விரிசல் தெரிந்தது. "பத்தவச்சு ஓட்டிக்கலாம்" என்றார் என் வீட்டுக்காரர். பிள்ளைகள் ஏறுகிற சாமானைப் பற்றவைத்து ஓட்டுவதா என்று நான் சண்டை பிடித்து அதைப் பழைய இரும்புக்குப் போடவைத்தேன். சண்டையில் ஜெயித்தது சந்தோஷம்தான். ஆனால் பங்குனி உத்திரத்துக்குள் வேறு ராட்டினம் கொண்டுவரவேண்டிய பொறுப்பும் என் தலையில் விழுந்தது. திருவிழா மைதானத்தில் ஒரு வருஷம் இடத்தை விட்டால் அடுத்த வருஷம் அங்கே வேறொருத்தன் கம்பி நட்டிருப்பான். அப்புறம் நமக்கு அந்த மைதானம் இல்லை.

தர்மபுரிப் பக்கம் ஏரிக்கரையில் ஒரு பார்க் மூடிக் கிடக்கிறது, அதன் ராட்டினம் விலைக்கு வருகிறது என்று லாரிக்காரர் ஒருவர் சொன்னார். வீட்டுக்காரருக்கு இடுப்புப் பிடிப்பு. அதனால் மாசி மாதத்து வெயிலில் நானும் செல்வமும் கிளம்பினோம்.

ஸ்டேஷன் வாசலில் புதுச் செருப்பு வாங்கிக்கொண்டு பஸ் ஏறினோம். முன் சீட்டில் இரண்டு பெண்கள் கன்னடத்தில் பேசிக்கொண்டு வந்தார்கள். செல்வம் பெங்களூரில் ஒர்க்ஷாப்பில் கொஞ்சகாலம் இருந்தவன். அவர்கள் எங்களைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று என் காதில் மொழிபெயர்த்தான். "கிணத்து மோட்டார் தூக்க வந்தவங்க போலிருக்கு" என்கிறாள் ஒருத்தி. "பொம்பளை மோட்டார் தூக்குவாளா?" என்கிறாள் மற்றவள். "கையைப் பாரு. தூக்குவா." நான் என் கைகளைப் பார்த்துக்கொண்டேன். கோபப்படவேண்டிய இடமா என்று யோசித்து, இல்லை என்று முடிவு செய்தேன்.

"ஏரி வந்தா சொல்றன்ங்க" என்று கண்டக்டர் வாக்குக் கொடுத்திருந்தார். வாக்குத் தவறவில்லை. முதல் ஏரி வந்ததும் சொன்னார், நாங்களும் இறங்கினோம். இந்தப் பக்கம் ஊருக்கு ஓர் ஏரி என்று பஸ் போனபிறகுதான் தெரிந்தது. எங்கள் பக்கம் குளம் என்றால் ஊரே கூடும் இடம். இந்த ஏரிக்கரையில் ஆடு மேய்க்கும் ஒரு பெண்ணைத் தவிர ஆள் இல்லை.

"பார்க்குங்களா? அது அடுத்த ஏரிங்க" என்று அவள் கோலை நீட்டினாள். "தோ, அங்க ராட்டினம் தெரியுது பாருங்க."

தென்னந்தோப்புக்கு மேலே அரைவட்டமாக ஒரு இரும்பு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. காலையிலிருந்து பட்ட அலுப்பெல்லாம் அந்த நிமிஷம் போய்விட்டது. ராட்டினக்காரிக்கு எந்த ஊரில் ராட்டினத்தைக் கண்டாலும் சொந்தக்காரரைக் கண்ட மாதிரிதான்.

அடுத்த ஏரிக்கு நடந்தே போனோம். பார்க் மூடி மூன்று வருஷம் ஆகிறதாம். இன்னும் அந்த நிறுத்தத்துக்குப் பெயர் பார்க் ஸ்டாப்தான். வாசலில் சிமெண்டில் ஒரு பெரிய மீன். அதன் வாய்க்குள் நுழைந்துதான் உள்ளே போகவேண்டும். மீனின் பெயிண்ட் உரிந்து ஒரு கண் மட்டும் மிச்சம் இருந்தது. வாய்க்குப் பக்கத்தில் டிக்கெட் கொடுக்கும் ஜன்னல். அதில் சிலந்தி குடும்பத்தோடு குடியிருந்தது.

பார்க்கின் சொந்தக்காரர் மாதையன் மீனின் வாய்க்குள்ளேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அறுபது வயது இருக்கும். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. என் புதுச் செருப்பையும் செல்வத்தின் பெட்டியையும் பார்த்துவிட்டு எழுந்து கும்பிட்டார்.

"வாங்கம்மா, வாங்க தம்பி. மொதல்ல சாப்புடுங்க. இரும்பு எங்கயும் ஓடிப்போயிடாது."

ராட்டினத்தைப் பார்த்தபிறகு சாப்பிடலாம் என்றுதான் சொல்லியிருக்கவேண்டும். பசி சொல்லவிடவில்லை. பார்க்கை ஒட்டியே அவர் வீடு. அவர் மனைவி பழனியம்மாள் தட்டில் ஒரு கேழ்வரகுக் களி உருண்டையை வைத்தார். எங்கள் பக்கம் களி என்றால் உளுந்தங்களி, கருப்பட்டி போட்டு நல்லெண்ணெய் மிதக்கும். அதை வாயில் வைத்தால் தானாகக் கரையும். அந்த நினைப்பில் நான் இதை மென்றேன். களி என் பல்லைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது.

"மெல்லாதீங்கம்மா" என்று பழனியம்மாள் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார். "கொழம்புல தொட்டு அப்டியே முழுங்கணும்."

குழம்பு நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. அந்த நெத்திலி எங்கள் கடலோரத்திலிருந்துதான் வந்திருக்கவேண்டும். எனக்கு முன்னாலேயே எங்கள் ஊர்க்காரன் ஒருத்தன் இங்கே வந்து உட்கார்ந்திருப்பது தெம்பாக இருந்தது. இரண்டாவது உருண்டையை மெல்லாமல் முழுங்கினேன்.

சாப்பிட்டபிறகு ராட்டினத்தைப் பார்த்தோம். நல்ல சாமான். அச்சில் ஒரு கீறல் இல்லை. கம்பிகள் எல்லாம் நேராக நின்றன. துரு மேலோடு சரி. ஆனால் மோட்டாருக்குள் செப்புக் கம்பி இல்லை. போன மழைக்காலத்தில் யாரோ உருவிக்கொண்டு போய்விட்டார்களாம். மோட்டார் எங்களிடம் இருக்கிறது, அது பிரச்சினை இல்லை. விலையும் ஒரே பேச்சில் படிந்தது. நாளைக் காலையிலேயே பிரிக்க ஆரம்பிக்கலாம் என்று செல்வம் கையைத் தேய்த்தான்.

"நாளைக்கிங்களா?" மாதையன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஒரு கல்யாணம் இருக்குதுங்க. வர்ற வெள்ளிக்கெழம. அது முடியட்டும்."

"உங்க வீட்டுக் கல்யாணமா?"

"எங்க வூடு இல்லீங்க. ஊர்ப் பெரியவரு சின்னசாமியோட பொண்ணு கோகிலா."

அந்தக் கல்யாணத்துக்கும் ராட்டினத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். அவர் சொன்னதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் கோபம் வந்தது. பார்க் திறந்த புதிதில் ஊர்ப் புதுமாப்பிள்ளை ஒருவன் பெண்ணோடு ராட்டினத்தில் ஏறியிருக்கிறான். உச்சிக்குப் போனதும் கீழே நின்ற மச்சான்கள் ராட்டினத்தை நிறுத்தச் சொல்லி, "மாப்ள, பொண்ணு வூடு எது, காட்டுங்க பாக்கலாம்!" என்று கத்தியிருக்கிறார்கள். அவன் சரியாகக் காட்டிய பிறகுதான் இறக்கினார்களாம். விளையாட்டாக ஆரம்பித்தது சடங்காகிவிட்டது. ஆடி மாதம் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்பச் சொன்னால் வழி தெரியவில்லை என்று எந்த மாப்பிள்ளையும் சாக்குச் சொல்லக்கூடாது, அதற்காகத்தான் என்று ஊரில் காரணமும் கண்டுபிடித்துவிட்டார்கள். அதிலிருந்து அந்த ராட்டினத்தில் சுற்றாமல் இந்த ஊர்ப் பெண் எவளும் புகுந்த வீட்டுக்குப் போனது கிடையாது. பார்க்கை மூடியபிறகும் கல்யாணம் என்றால் மாதையன் மோட்டாரைப் போட்டுவிடுவாராம்.

"நான் இரும்பு வாங்க வந்தேன். கல்யாணத்துக்கு வரலை" என்றேன். என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

"கை நனைச்சிட்டீங்களேம்மா" என்றார் மாதையன் சாவகாசமாக.

பெண் பார்க்கப் போகிற வீட்டில் சம்பந்தம் முடிவாகாமல் கை நனைக்கக்கூடாது என்பது எங்கள் ஊரிலும் உள்ளதுதான். அது ராட்டினத்துக்கும் பொருந்தும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? "ரெண்டு உருண்டை வேற முழுங்கியிருக்கிய மதினி" என்று செல்வம் என் காதில் சொன்னான்.

மறுநாள் வேலை இல்லாமல் பஸ் ஸ்டாப் டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். இவ்வளவு நல்ல இடத்தில் இருந்த பார்க் ஏன் மூடியது என்று பொதுவாகக் கேட்டேன். ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். ஏரி காய்ந்தது, படகெல்லாம் சேற்றில் உட்கார்ந்துவிட்டது என்றார் ஒருவர். கொரோனா என்றார் டீக்கடைக்காரர். புதுரோடு வந்ததும் சேலத்து ஸ்கூல் பஸ்கள் வேறு பக்கம் போய்விட்டன என்றார் இன்னொருவர். "கண்ணு பட்டுடுச்சுங்க. எள்ளு போட்டா எள்ளு கீழ விழாது, அவ்ளோ கூட்டம்" என்றார் பெஞ்சின் ஓரத்தில் இருந்த பெரியவர். கோகிலாவின் அப்பா சின்னசாமி அவர்தான் என்று அவர் போனபிறகு தெரிந்தது.

அவ்வளவு கூட்டம் வந்த பார்க் எப்படி நஷ்டப்படும்? பழனியம்மாள் மத்தியானம் புளி கொட்டை எடுத்துக்கொண்டே எனக்குச் சொன்னார். மாசி மாதம் அந்த ஊரில் எந்த வாசலைப் பார்த்தாலும் புளிதான்.

மாதையன் பெங்களூரில் கட்டடங்களுக்குச் செண்டரிங் அடித்துச் சம்பாதித்தவர். அங்கே பிள்ளைகளைப் பார்க்குக்குக் கூட்டிப்போகும்போதெல்லாம் நம் ஏரிக்கரையில் இப்படி ஒன்று இருந்தால் என்ன என்று சொல்லிக்கொண்டே இருப்பாராம். ஏரியை ஒட்டி அப்பா விட்டுப்போன நிலத்தில் ஆரம்பித்தார். வண்டி வர ஊர்ப் பொது இடத்து வழியாகப் பாதை வேண்டியிருந்தது. மாரியம்மன் கோயிலில் ஊர் கூடியது. பாதை தருகிறோம், ஊர்க்காரர்களிடம் டிக்கெட் கேட்கக்கூடாது என்றார்கள். கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னவர் சின்னசாமி. மாதையன் சந்தோஷமாகவே சத்தியம் செய்தார்.

"ஊர்ல இருக்கறது எத்தன வூடு, போவட்டும்னு நெனச்சாரு" என்றார் பழனியம்மாள். "மொத ரெண்டு வருசம் ஏரி ரொம்பி நின்னுச்சு. அன்னப்பறவ படகு, குட்டி ரயிலு, அரூரு, பென்னாகரம், எங்கிருந்தெல்லாமோ ஜனம். நானே டிக்கெட்டு கிழிச்சு கிழிச்சு கை வலிச்சுதுங்க. அப்பறந்தான், கட்டிக்குடுத்த பொண்ணு ஊர்ப்பொண்ணு இல்லியான்னு கேட்டாங்க. சரின்னோம். மாப்பிள்ளகிட்ட டிக்கெட்டு கேக்கலாமான்னாங்க. அதுஞ் சரி. அப்பறம் சம்பந்தி. சம்பந்தியோட சம்பந்தி. அரூர்ல பாதி பேரு இந்த ஊருக்கு பொண்ணு குடுத்தவங்க, மீதி பேரு எடுத்தவங்க. வாசல்ல நின்னு 'சின்னசாமி வூடு'ம்பாங்க. உள்ள போயிடுவாங்க."

"யாராவது ஒருத்தர்கிட்டயாவது கேட்டிருக்கலாம்லா?"

"அவுரு வாய் தொறக்கணுமே. சத்தியம் பண்ணவருன்னு சொல்லிடுவாரு. கூட்டத்துக்கு கொறச்சலே இல்லீங்க. கூட்டந்தான் பார்க்க மூடுச்சு."

எனக்கு டீக்கடைப் பெரியவர் மேல் ஆத்திரமாக வந்தது. கண்ணாம், பட்டதாம். அந்தக் கண்ணுக்குப் பின்னால் இருந்த காலெல்லாம் சும்மா உள்ளே நடந்த கால்கள். ஆனால் சாயங்காலம் கோகிலா வந்தபோது அந்த ஆத்திரத்தை வைத்துக்கொள்ள முடியவில்லை. ஓசூரில் செல்போன் கம்பெனியில் வேலை பார்க்கிற பெண். மாப்பிள்ளையும் அங்கேதான்.

"ராட்டினத்த வாங்க வந்தது நீங்கதாங்களா அக்கா?" என்று கேட்டாள். "சின்னதுலேர்ந்து ஊர்ல எல்லா பொண்ணு மாப்பிள்ளைக்கும் கீழ நின்னு டாட்டா காட்டுனது நான்தாங்க. எங்கக்காங்க மூணு பேருக்கும் காட்டியிருக்கறன். என் தடவ வந்தப்ப மோட்டாரு இல்ல. ஏத்திட்டு எடுத்துட்டு போங்கக்கா. கேக்கறதுக்கு கூச்சமாத்தான் இருக்குது."

முப்பது வருஷமாக ராட்டினத்தில் ஏறுகிறவர்களைப் பார்க்கிறேன். ராட்டினத்துக்காக ஒருத்தி கண் கலங்கி அன்றுதான் பார்த்தேன். ஓட்டித் தருகிறேன், ஆனால் நான் சொல்லுகிற மாதிரி ஓட்டவேண்டும் என்றேன்.

மோட்டார் இல்லாத ராட்டினத்தை எப்படிச் சுற்றுவது? அதற்கு அந்த ஊரில் யோசிக்கவே இல்லை. நெல் அடிக்கிற மெஷினுக்கு டிராக்டரிலிருந்து பெல்ட் போடுவார்களே, அதே பெல்ட்டை ராட்டினத்தின் கியருக்குப் போடலாம் என்றார்கள். டிராக்டர் சின்னசாமியுடையது. செல்வம் பேரிங்குகளை டீசலில் கழுவி கிரீஸ் அடைத்தான். ஆள் உட்காரும் தொட்டிகளில் கொண்டி தேய்ந்திருந்த இரண்டை நான் கழற்றிப்போடச் சொன்னேன்.

ஆள் ஏறுவதற்கு முன்னால் பாரம் ஏற்றிப் பார்க்கவேண்டும். ஊரில் நாங்கள் மணல் மூட்டை வைப்போம். மணலுக்கு எங்கே போவது என்று கேட்டேன். வீட்டு வீட்டுக்கு ஓடிப்போய்ப் புளி மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தொட்டிக்கு இரண்டு மூட்டை. பொண்ணு மூட்டை, மாப்பிள்ளை மூட்டை என்று பெண்கள் கேலி செய்தார்கள். டிராக்டர் உறுமியது, பெல்ட் இறுகியது, மழைக்காலத்துத் துரு கிறீச்சிட்டது. புளி மூட்டைகள் ஏரிக்கு மேலே எழும்பின. ஊரே கை தட்டியது.

உச்சியில் ஒரு தொட்டியின் கதவு திறந்துகொண்டது. ஒரு மாப்பிள்ளை மூட்டை கீழே விழுந்து கிழிந்து சிதறியது. நல்லவேளை, யார் மேலும் விழவில்லை. கொஞ்சம் தள்ளி நின்ற சின்னசாமியின் வெள்ளைச் சட்டையில் மட்டும் புளி அப்பிக்கொண்டது.

சிரிப்பு அடங்குவதற்குள் நான் கத்த ஆரம்பித்துவிட்டேன். எல்லாத் தொட்டிக்கும் புதுத் தாழ்ப்பாள் போடாமல் ஒருத்தரும் ஏறக்கூடாது, கல்யாணம் நின்றாலும் சரி என்றேன். கல்யாணத்துக்கு முந்தின நாள் அது. சொல்லக்கூடாத வார்த்தை. சின்னசாமி சட்டையிலிருந்து புளியை வழித்துக்கொண்டே, "அந்தம்மா சொல்றது நாயந்தான். பாப்பாரப்பட்டி வெல்டரக் கூப்புடுங்க" என்றார். சாயங்காலம் புதுத் தாழ்ப்பாளோடு மூட்டைகள் மறுபடி பத்துச் சுற்றுச் சுற்றின. ஒரு மூட்டையும் அசையவில்லை. எனக்கு அப்புறம்தான் மூச்சு வந்தது.

வெள்ளிக்கிழமை தாலி கட்டி முடிந்த கையோடு மேளம் ஏரிக்கரைக்கு வந்துவிட்டது. கோகிலாவும் மாப்பிள்ளையும் மாலையோடு ஏறினார்கள். தாழ்ப்பாளை நானே போட்டு, இழுத்துப் பார்த்தேன். செல்வம் டிராக்டர் பக்கம் நின்றான். பட்டுப்புடவை மெல்ல மெல்ல மேலே போயிற்று. உச்சியில் நிறுத்தினோம்.

"மாப்ள, பொண்ணு வூட்ட காட்டுங்க!"

மாப்பிள்ளை கைப்பிடியை விடாமல் ஒரு விரலை மட்டும் நீட்டினான். அது சின்னசாமியின் மாட்டுக்கொட்டகை. ஊர் ஓவென்று கத்தியது. இரண்டாவது தடவை டீக்கடையைக் காட்டினான். கோகிலா சிரித்து சிரித்து, கடைசியில் அவன் மணிக்கட்டைப் பிடித்துத் தன் வீட்டுப் பக்கம் திருப்பினாள். கீழே யார் அவளுக்கு டாட்டா காட்டுவது என்று யாரும் பேசிவைக்கவில்லை. பார்த்தால் ஊரே கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. நானும் காட்டினேன். வெட்கமில்லாமல் அழுதேன்.

மறுநாள் ராட்டினத்தைப் பிரிக்கவேண்டும். காலையில் போனால் அடித்தூணில் மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, பூ சுற்றியிருக்கிறது. பழனியம்மாள் தட்டில் வெற்றிலை பாக்கோடு நிற்கிறார்.

"நீங்களும் ஏறுங்க சம்பந்தியம்மா" என்றார். "எங்க பொண்ண எடுத்துட்டு போறீங்க. பொறந்த வூட்ட காட்டிட்டு போங்க."

இவர்களிடம் பேசி ஜெயிக்க முடியாது என்று எனக்கு அதற்குள் தெரிந்திருந்தது. ஏறினேன். உச்சியிலிருந்து ஏரி முழுசாகத் தெரிந்தது, பாதிக்கு மேல் தண்ணீர். படகுத்துறை, தண்டவாளம் மட்டும் மிஞ்சிய குட்டி ரயில், ஒற்றைக் கண் மீன். நான் மீனைக் காட்டினேன்.

"அப்டின்னா ஆடிக்கு அனுப்பி வெக்கணும்" என்று கீழேயிருந்து மாதையன் சத்தமாகச் சொன்னார். அவர் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் அதற்குமுன் கேட்டதில்லை. "பதினெட்டாம் பெருக்குக்கு இங்க சுத்தணும்."

ஆடியில் எங்கள் பக்கம் வாரத்துக்கு ஒரு அம்மன் கொடை. எங்களுக்குச் சோறு போடுகிற மாதம். எல்லாம் தெரிந்தும் மேலேயிருந்து "அனுப்பி வைக்கேன்" என்று சொன்னேன். சொல்லாமல் இறக்கியிருக்கமாட்டார்கள் என்று வீட்டில் சொல்லிக்கொண்டேன். இறக்கியிருப்பார்கள். எனக்குத்தான் சொல்லவேண்டும் போல இருந்தது.

லாரி கிளம்பும்போது சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். பெண்கள் சிலர் உண்மையாகவே கண்ணைத் துடைத்தார்கள். சீர் என்று சொல்லி ஒரு மூட்டைப் புளி ஏற்றிவிட்டார்கள். பங்குனி உத்திரத்துக்கு எங்கள் இடத்தில் எங்கள் ராட்டினம் நின்றது. பிள்ளைகள் ஏறினார்கள், இறங்கினார்கள். மைதானம் எங்கள் கையை விட்டுப் போகவில்லை. அந்தப் புளியில்தான் இன்னும் எங்கள் வீட்டு மீன்குழம்பு.

ஆடி பிறந்ததும் வீட்டுக்காரர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "உனக்கு என்ன கிறுக்கா? கொடையை விட்டுட்டு ஒரு ஏரிக்கரைக்கு லாரி அனுப்புவாளா ஒருத்தி?" வாக்குக் கொடுத்துவிட்டேன் என்றேன். அவர் வாய்க்குள்ளேயே திட்டிக்கொண்டு லாரிக்காரருக்குப் போன் போட்டார்.

இந்தத் தடவை பொம்மிடியில் இரண்டு செருப்போடு இறங்கினேன். ராட்டினத்தோடு செல்வம் லாரியில் முன்னாலேயே போய்விட்டான். கண்டக்டர் முதல் ஏரியில் இறக்கிவிடவில்லை. பார்க் ஸ்டாப்பில் இறங்கினால் மீனுக்கு இரண்டு கண் இருந்தது. பச்சையும் நீலமுமாகப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். மழை பெய்து ஏரி கரை தட்டி நின்றது. அன்னப்பறவைப் படகு இரண்டைத் தேய்த்துக் கழுவித் தண்ணீரில் விட்டிருந்தார்கள். டிக்கெட் ஜன்னலில் சிலந்தி இல்லை. ஆனால் உள்ளே ஆளும் இல்லை.

"நீங்க உட்காருங்க" என்று மாதையனிடம் சொன்னேன்.

அவர் பின்வாங்கினார். "எங்க ஊர்க்காரங்ககிட்ட நான் எப்டிங்க கேக்கறது? கற்பூரம் அணைச்சிருக்கறன்."

"சத்தியம் உங்களோடது. ராட்டினம் என்னோடது. நான் ஒண்ணும் அணைக்கலை. என் ஆளா உட்காருங்க. வர்றதுல பாதி பார்க்குக்கு."

அவர் உள்ளே போய் உட்கார்ந்தார். டிக்கெட் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார். பள்ளிக்கூடத்தில் பெஞ்ச் மேல் ஏற்றிவிட்ட பிள்ளை போல இருந்தார். எனக்கே பாவமாகப் போய்விட்டது.

பதினெட்டு அன்று காலையில் முதலில் வந்தது சின்னசாமி குடும்பம். தலை ஆடிக்கு வந்திருந்த கோகிலாவும் மாப்பிள்ளையும் பின்னால். பெரியவர் வழக்கம்போல நேராக மீனின் வாய்க்குள் நடந்தார். பாதி நுழைந்தவர் நின்றார். திரும்பிப் பார்த்தார். கோகிலா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் நின்றிருந்தாள். பெரியவர் வெளியே வந்தார். ஜன்னலுக்கு முன்னால் வந்து நின்று, மாதையனைப் பார்க்காமல் மீனைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"எங்க வூட்டுக்கு எல்லாருக்கும் குடுப்பா."

மாதையன் நிமிரவில்லை. "நீ எதுக்குண்ணா... சத்தியம்..."

"அது பார்க்குக்கு. இது சம்பந்தி வூட்டு ராட்டினம்." பெரியவர் பணத்தை எடுத்து ஜன்னலில் வைத்தார். "சும்மா ஏறுனா அடுத்த ஆடிக்கு வராதுன்னு பொண்ணு சொல்றா. வராம போயிடும்டா மாதையா. ஒருதடவ போச்சு பாத்தியா."

அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஊருக்கே தெரிந்திருக்கிறது. கண் பட்டது, கொரோனா வந்தது என்று சொல்லிக்கொண்டிருந்த அத்தனை பேருக்கும் தெரிந்துதான் இருந்திருக்கிறது. மாதையன் டிக்கெட்டுகளைக் கிழித்துக் கொடுத்தார். நிமிராமல் கிழித்ததில் இரண்டு குறுக்கே கிழிந்துவிட்டன. பெரியவர் அதையும் பத்திரமாக வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அவருக்குப் பின்னால் வரிசை நின்றது. பார்த்துக்கொண்டே இருந்தேன், வரிசை பாதை வரைக்கும் போய்விட்டது. அரூர்ச் சம்பந்திகளும் அதில் நின்றார்கள். தையில் ஒருவாரம் பார்க்கைத் திறக்கலாமா என்று வரிசையிலேயே பேச்சு கிளம்பிவிட்டது. குட்டி ரயிலுக்கு எஞ்சின் பார்த்துத் தருகிறேன் என்று செல்வம் யாரையும் கேட்காமல் வாக்குக் கொடுத்தான். வாக்குக் கொடுப்பது எங்கள் குடும்பத்தில் தொற்றுவியாதியாகிவிட்டது.

சாயங்காலம் கூட்டம் குறைந்தபிறகு, எனக்கும் ஒரு சுற்று வேண்டும் போல இருந்தது. முப்பது வருஷமாக நான் ஏறினதெல்லாம் சோதனை பார்க்கத்தான். சும்மா ஏரியைப் பார்க்க ஒரு தடவை ஏறலாம் என்று மீனின் வாய்க்குள் நடந்தேன்.

"சம்பந்தியம்மா!"

திரும்பினேன். ஜன்னல் வழியாக மாதையன் கையை நீட்டிக்கொண்டிருந்தார். முகத்தில் சிரிப்பே இல்லை.

"டிக்கெட்டு?"

"என் ராட்டினம்லா?" என்றேன்.

"இருக்கட்டுங்க. இத்தன வருசமா ஒருத்தரையும் கேக்கல. இன்னிக்கி யாரையும் விடறதா இல்ல."

முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பணம் கொடுத்தேன். அவர் மிச்சத்தை எண்ணி வைத்து, ஒரு டிக்கெட்டை நேராக, அழகாகக் கிழித்துக் கொடுத்தார். நான் வரிசையில் போய் நின்றேன்.